லினக்ஸ் கெர்னல் தன் காவலர்களைப் பதிவு செய்யும் விதம்

லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்கும்போது, உரிமையாளர் யார், படிக்க அனுமதி உண்டா என்ற வழக்கமான சோதனையை இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதலில் செய்கிறது. அதில் தேறினாலும் வேலை முடியவில்லை. எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர், யாமா, லேண்ட்லாக் போன்ற பாதுகாப்பு மாட்யூல்களிடமும் கேட்கிறது. அவற்றில் ஒன்று மறுத்தாலும் கோப்பு திறக்காது. முதல் சோதனை மறுத்ததை இவை அனுமதிக்க முடியாது, கூடுதலாக மறுக்க மட்டுமே முடியும்.

சரி, யாரிடமெல்லாம் கேட்க வேண்டும் என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது, எனக்கோ மிக முக்கியமாகப் படும் இடம்.

2001-இல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்இலினக்ஸைக் கெர்னல் உருவாக்குநர்களிடம் கொண்டு வந்தபோது, ஒரே ஒரு முறையைக் கெர்னலுக்குள் திணிக்காமல் எல்லோருக்கும் பொதுவான சட்டகம் வேண்டும் என்றார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அப்படிப் பிறந்த எல்எஸ்எம் (லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ்) சட்டகம் 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் இருந்தது. அதில் பதிவு ரொம்ப எளிது: ஒரே ஒரு பாயின்டர் (நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் முகவரி), அது எந்த மாட்யூலின் செயல்பாட்டு அட்டவணையைக் காட்டுகிறதோ அதுதான் காவலர். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை ஏற்றலாம், கழற்றலாம்.

அந்த வசதிதான் ஆபத்தாகவும் இருந்தது. தாமதமாக வரும் மாட்யூல் தான் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ்களையும் திறந்து கிடக்கும் கோப்புகளையும் லேபிள் (பாதுகாப்பு அடையாளம்) இல்லாமல் பார்க்கிறது, அவை நம்பத்தகுந்தவையா என்று முடிவு செய்ய அதனிடம் எந்தத் தகவலும் இல்லை. நடுவில் கழற்றினாலோ இன்னும் மோசம். அதோடு, மாட்யூல்களுக்காகத் திறந்து வைத்த பதிவு வாசலை மற்றவர்களும் தவறாகப் பயன்படுத்தலாம். 2008-இல் வந்த 2.6.24 பதிப்பில் அந்த வாசலை மூடினார்கள். எதிர்ப்பு இருந்தது, ஆனாலும் சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

இன்று பதிவு, மூல நிரலைக் கெர்னலாக மாற்றும் கம்பைல் வேலையின்போதே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு மாட்யூலும் தன் பெயர், தொடக்கச் செயல்பாடு, தன் இயல்பு ஆகியவை அடங்கிய சின்னப் பதிவை எழுதுகிறது, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் அவற்றையெல்லாம் கெர்னல் இமேஜின் ஒரே பகுதியில் வரிசையாக அடுக்குகிறது. பூட் ஆகும்போது கெர்னல் அந்தப் பகுதியை முதலிலிருந்து கடைசி வரை படித்தால் போதும். எந்த வரிசையில் கேட்பது என்பதைக் கம்பைல் அமைப்போ, பூட் வரியில் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரி) நாம் தரும் எல்எஸ்எம் பட்டியலோ தீர்மானிக்கும். நிர்வாகியின் அதிகாரங்களைத் துண்டுகளாகப் பிரித்துத் தரும் கேபபிலிட்டி மாட்யூல் மட்டும் இந்த வரிசையில் எப்போதும் முதலில். பூட் வரியில் நீங்கள் எழுதும் பட்டியல் பழையதோடு சேராது, அதை முழுக்க மாற்றிவிடும், அதனால் ஆசையாக ஒரு பெயரை மட்டும் எழுதினால் அதுவரை ஓடிய ஆப்ஆர்மர் காணாமல் போகும்.

2015-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து ஒற்றைப் பாயின்டருக்குப் பதில் ஒவ்வொரு ஹூக்குக்கும் ஒரு பட்டியல். ஹூக் என்பது கெர்னல் நின்று கேள்வி கேட்கும் இடம், இருநூறுக்கும் மேல் உண்டு. பல மாட்யூல்கள் சேர்ந்து ஓட இதுதான் வழி செய்தது, ஆனால் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் இரண்டில் ஒன்றுதான் இன்னும் ஓட முடியும், வரிசையில் முன்னால் இருப்பது இடம்பிடிக்கும்.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் புரோசஸ், கோப்பு பற்றித் தனிக் குறிப்பு வைக்க இடம் வேண்டும். யாருக்கு எத்தனை பைட் என்று பூட் நேரத்தில் கேட்டு, மொத்தத்தைக் கூட்டி, பாகப்பிரிவினையில் அளந்து கல் நடுவது போல ஒவ்வொருவருக்கும் அவரவர் தொடக்க இடத்தைச் சட்டகம் சொல்லிவிடுகிறது.

அப்புறம் 2024 மார்ச்சில் வந்த 6.8 பதிப்பு ஒவ்வொரு மாட்யூலுக்கும் நிரந்தர எண் கொடுத்தது: கேபபிலிட்டி 100, எஸ்இலினக்ஸ் 101, ஆப்ஆர்மர் 104, லேண்ட்லாக் 110. அதுவரை ஒரு புரோசஸ் தன் லேபிளைத் தெரிந்துகொள்ள வழக்கமாகப் படித்த கோப்பு எஸ்இலினக்ஸ், ஸ்மாக், ஆப்ஆர்மர் மூன்று மாட்யூல்களுக்கும் பொது, வந்த பதில் யாருடையது என்று அதில் இருக்காது. இப்போது தனி சிஸ்டம் கால்கள் (புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிகள்) இருக்கின்றன: ஓடும் மாட்யூல்களின் எண்களைக் கேட்கலாம், எண் சொல்லி அந்த மாட்யூலின் தகவலை மட்டும் வாங்கலாம்.

வாசலை மூடியதற்கு எதிர்பாராத பலனும் கிடைத்தது. ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை 2018-இல் வெளிவந்தபின், அதைத் தடுக்கும் ஏற்பாடுகளால் பாயின்டர் வழியாகச் செயல்பாட்டை அழைப்பது செலவு கூடிய வேலையானது. அதிகபட்சம் எத்தனை மாட்யூல்கள் என்று கம்பைல் நேரத்திலேயே தெரிவதால், 6.12 பதிப்பில் அத்தனைக்கும் இடம் ஒதுக்கி, பூட்டின்போது நேரடி அழைப்புகளாகவே எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் கணினியின் பட்டியலைப் பார்க்க, சிஸ் கோப்புறைக்குள் கெர்னல், அதற்குள் செக்யூரிட்டி, அதற்குள் எல்எஸ்எம் என்ற கோப்பைப் படியுங்கள். அதில் பிபிஎஃப் (சின்னப் புரோகிராம்களைக் கெர்னலுக்குள் ஓட்டும் வசதி) என்ற பெயர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மாட்யூல் பூட்டில் பதிவானதுதான், ஆனால் அதன் வழியாக ரூட் (முழு நிர்வாக) உரிமையுள்ளவர் பின்னால் ஹூக்குகளில் மாட்டும் புரோகிராம்கள் இந்தக் கோப்பில் வராது. அவற்றை பிபிஎஃப்டூல் என்ற கருவி கொண்டு தனியாகத்தான் பார்க்க வேண்டும்.