ரத்தம் கொடுத்தவர் மறுபடி வருவாரா?

ஒருவரை முதல் தடவை ரத்தம் கொடுக்க வைப்பது ரத்த வங்கிக்காரர்களான எங்களுக்குப் பெரிய பாடு இல்லை. கல்லூரியில் கேம்ப் போட்டால், நண்பன் படுத்தான் என்று இன்னும் நாலு பேர் படுப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் மச்சான், சித்தப்பா எல்லாரும் ஓடி வருவார்கள். யாரும் கூப்பிடாமல் இரண்டாம் தடவை வருகிறவர்தான் அபூர்வம்.

உருக்கமாகப் பேசிவிட்டுக் கொடுத்தவர் திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. தொல்லையில்லாமல் எழுந்து போனவர் வருகிறார். மயக்கம் போட்டவர் பெரும்பாலும் வருவதில்லை. கூட வந்து அதைப் பார்த்தவரும் தயங்குகிறார்.

முதல் முறை கொடுக்கும் இளவயதுக்காரர்களுக்கு, அதிலும் எடை குறைந்தவர்களுக்கு, மயக்கம் வர வாய்ப்பு அதிகம். சிலர் சுகர் டெஸ்டுக்குப் போகிற மாதிரி வெறும் வயிற்றில் வந்து நிற்பார்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். ஊசி கையில் இருக்கும்போது காலைப் பின்னித் தொடையை இறுக்கி இறுக்கித் தளர்த்துங்கள். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி, கொட்டாவி விட்டு, மேலுதட்டில் வியர்வை துளிர்த்தால் நாங்கள் உடனே காலை உயர்த்திவிடுவோம். பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து உட்கார வைப்பதும் உபசாரத்துக்கு மட்டுமல்ல. எழுந்து நடக்கும்போதுதான் பலருக்குத் தலை சுற்றும்.

இன்னொரு கூட்டத்தை நாங்களே இழக்கிறோம். ஹீமோகுளோபின் (ரத்தத்தில் இரும்புச்சத்து உள்ள சிவப்புப் பொருள்) 12.5 கிராம் இருந்தால்தான் எடுப்போம். 11.8 இருக்கிற மாணவியிடம் "உனக்கு ரத்தமே இல்லைம்மா, போ" என்று கேம்பில் யாராவது சொல்லிவிட்டால், அவள் எதற்கு மறுபடி வரப்போகிறாள்? "இப்போதைக்கு வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டு அளவு ஏறியதும் வாம்மா" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? கொடுத்தவர்களுக்கும் இரும்புச்சத்து சுமார் 150 முதல் 250 மில்லிகிராம் வரை குறைகிறது. கீரை, பேரீச்சம்பழம் என்று சொல்லி அனுப்புவதோடு, சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

மே மாதம் கல்லூரிகள் மூடிவிடும், கேம்பும் குறையும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை கடுமையாக உள்ள குழந்தைக்கு அப்போதும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஜனவரியில் எடுத்த சிவப்பணுக்களை அதுவரை வைத்திருக்க முடியாது. 35 நாள், சில பைகளில் 42 நாள், அவ்வளவுதான். ஆண்கள் 90 நாளிலும் பெண்கள் 120 நாளிலும் மறுபடி கொடுக்கலாம். பொங்கல் சமயத்தில் கொடுத்த ஆண்களுக்கு ஏப்ரல் நடுவிலும், பெண்களுக்கு மே நடுவிலும் தேதி வந்துவிடும்.