நல்ல நிர்வாகமும் ஓர் உரிமைதான்: ஐரோப்பிய சாசனத்தின் பிரிவு 41

ஒரு சிறு நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் மானியம் வாங்கி ஆய்வு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கைத் தணிக்கை செய்த ஆணையம், பணத்தைத் திருப்பிக் கேட்க முடிவெடுக்கிறது. அந்த உத்தரவைப் போடும் முன் நிறுவனத்தின் விளக்கத்தை ஆணையம் கேட்டாக வேண்டும். தன்னைப் பற்றிய கோப்பைக் காட்டும்படி நிறுவனம் கேட்கலாம். நியாயமாகக் காக்க வேண்டிய ரகசியங்களும் தொழில் ரகசியங்களும் மட்டும் இதற்கு விலக்கு. உத்தரவு வந்தால் அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம், பிரிவு 41 தரும் உரிமை இது. சாசனம் 2000 டிசம்பரில் நீஸ் நகரில் அறிவிக்கப்பட்டது. 2009 டிசம்பர் 1 அன்று, ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதற்குச் சட்ட வலு கிடைத்தது. பாரபட்சமின்றி, நியாயமான காலத்துக்குள் வேலையை முடித்துத் தருவதும் இதில் சேரும். ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் எதில் எழுதினாலும் அதே மொழியில் பதில் வர வேண்டும். அதிகாரிகளின் செயலால் நஷ்டம் வந்தால் சட்டப்படி ஈடும் கேட்கலாம்.

இவற்றில் காரணம் சொல்லும் கடமையைத்தான் நான் முதலில் வைப்பேன். ஏன் மறுத்தார்கள் என்றே தெரியாதவர் நீதிமன்றத்தில் எதை எதிர்த்து வாதாடுவார்?

சரி, இது யாரைக் கட்டுப்படுத்தும்? பலர் தடுமாறும் இடம் இதுதான். பிரிவு 41 ஒன்றியத்தின் அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ உங்கள் வசிப்பிட அனுமதியை உள்ளூர் அலுவலகம் மறுத்தால், இந்தப் பிரிவை நேரடியாகக் காட்ட முடியாது. நெதர்லாந்து வசிப்பிட அனுமதி வழக்கு ஒன்றில் 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த அலுவலகம் ஐரோப்பியச் சட்டத்தைச் செயல்படுத்தும்போது, பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்பது ஒன்றியச் சட்டத்தின் பொதுக் கோட்பாடாகவே அதைக் கட்டுப்படுத்துகிறது. அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டங்களும் இருக்கின்றன.

ஒன்றிய அமைப்பு மீது குறை இருந்தால் முதலில் அந்த அமைப்புக்கே எழுதுங்கள். தீரவில்லையா? அப்புறம் ஒன்றிய அமைப்புகளின் நிர்வாகக் குறைகளை விசாரிக்கும் அதிகாரியான ஐரோப்பிய ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். ஒன்றியத்தின் குடிமக்கள் மட்டுமல்ல, அங்கே வசிப்பவர்களும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஒம்புட்ஸ்மனின் முடிவு அமைப்புகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உத்தரவை ரத்து செய்ய நீதிமன்றத்தால்தான் முடியும், அதற்கான கெடு பொதுவாக 2 மாதம். ஒம்புட்ஸ்மனிடம் புகார் கொடுத்திருப்பதால் அந்தக் கெடு நீளாது. ஆகவே உத்தரவு கைக்கு வந்த தேதியை உடனே குறித்து வையுங்கள்.