அந்தப் புண்ணை ஆற்றியது இளநீர் இல்லை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு மாலை. இருபத்தேழு வயதுத் தம்பி ஒருவர் முடி கொட்டுகிறது என்று வந்தார். ஆவணியில் கல்யாணம், அதற்குள் சரியாக வேண்டும். தொப்பியைக் கழற்றியபோது பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் சின்னச் சின்னத் திட்டுகளாக முடி இல்லை. புழுவெட்டு என்று நினைத்து ஒரு மாதமாகச் சின்ன வெங்காயம் தேய்த்திருக்கிறார். புழுவெட்டு என்றால் காசு வைத்த மாதிரி வட்டமாக, வழவழப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. பூச்சி அரித்த கம்பளி மாதிரி, ஒழுங்கில்லாமல் அங்கங்கே போயிருந்தது.

"கையைத் திருப்பிக் காட்டுங்க தம்பி."

இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள். மிளகு அளவில் சில, கொஞ்சம் பெரிதாகச் சில, ஓரத்தில் மெல்லிய செதிலோடு. அரிக்கிறதா என்றேன், இல்லை என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலிலும் இருந்தன. உதவிக்கு நின்ற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி கீழே ஏதாவது புண் வந்துச்சா?"

வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "வந்துச்சு டாக்டர். ஒண்ணே ஒண்ணு. வலியே இல்லை. சூட்டுனால வந்திருக்கும்னு தினமும் இளநீர் குடிச்சேன், வெந்தயம் ஊற வச்சுச் சாப்பிட்டேன். மூணு வாரத்துல சரியாயிருச்சு."

தோல், பால்வினை நோய் மருத்துவம் பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருப்பதாகச் சொல்வார்கள். இளநீர் இருக்கும் இடத்தில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆயின்மென்ட் இருக்கும். அல்லது மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒருவர் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுத்த லேகியம் இருக்கும். ஆனால் எல்லோரும் 'சரியாயிருச்சு' என்றுதான் முடிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புண் ஆறியது உண்மை. ஆனால் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தாலும் அது மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆறியிருக்கும். இந்த நோயின் சுபாவமே அதுதான்.

நோயின் பெயர் சிபிலிஸ். நம் ஊரில் மேகப்புண், கிரந்தி, பறங்கிப்புண் என்று பல பெயர்கள். 'பறங்கி' என்பது வெள்ளைக்காரனைக் குறிக்கும் பழைய சொல். 1495 வாக்கில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரை பிரெஞ்சுப் படை பிடித்தபோது இது பெரிதாகப் பரவியது. இத்தாலிக்காரர்கள் இதை பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். இங்கே நாம் பறங்கிப்புண் என்றோம். அதற்குக் கொடுத்த மருந்தின் பெயர்கூடப் பறங்கிப்பட்டை. ஐரோப்பாவில் பாதரசத்தைப் பூசினார்கள், புகையாகவும் கொடுத்தார்கள். பல் ஆடி விழுந்தது, எச்சில் குடம் குடமாக ஊறியது, புண்ணும் ஆறியது. நானூறு ஆண்டுகளாகப் பாதரசத்துக்குப் பேர் கிடைத்தது இப்படித்தான். இளநீருக்கும் லேகியத்துக்கும் இன்று கிடைக்கும் பேரும் அதே கணக்குதான்.

இதை ஒருவர் சந்தேகப்பட்டார். நார்வேயின் ஆஸ்லோ நகரத்துப் பேராசிரியர் அவர். பாதரசம் நன்மையைவிடத் தீமையே செய்கிறது என்று நினைத்து, 1891 முதல் 1910 வரை ஏறக்குறைய 2,000 நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல், புண்ணும் தடிப்பும் மறையும்வரை மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார். எல்லோருக்கும் மறைந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பித் தலைகாட்டியிருந்தது: தோலிலும் எலும்பிலும் கட்டியாக, இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயில் வீக்கமாக, மூளையில், நரம்பில். மற்றவர்கள் தப்பித்திருந்தார்கள். யார் தப்பிப்பார், யார் மாட்டுவார் என்று முன்கூட்டிச் சொல்ல அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். 1905-இல் பெர்லினில் ஷவுடின், ஹாஃப்மன் என்ற இருவர் நுண்ணோக்கியில் கண்டுபிடித்த கிருமி, திருகுச் சுருள் வடிவத்தில் இருக்கும் ஒரு பாக்டீரியா. உடலுறவின்போது எதிராளியின் புண்ணிலிருந்து தோலின் நுண்ணிய கீறல் வழியாக நுழைகிறது. சராசரியாக மூன்று வாரம், சிலருக்கு மூன்று மாதம்வரை எடுத்துக்கொண்டு, நுழைந்த இடத்தில் புண்ணாகிறது. பெரும்பாலும் ஒற்றைப் புண், தொட்டால் ஓரம் கெட்டியாக இருக்கும், வலிக்காது. பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்தால் அவருக்கே தெரியாது. ஆசனவாயிலும் வரலாம், உதட்டிலும் வரலாம். புண்ணை உடம்பு ஆற்றிவிடும். ஆனால் அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டிருக்கும். மேல்தோலில் அடையாளம் காட்டும் புரதங்கள் இந்தக் கிருமிக்கு மிகக் குறைவு, அதனால் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் சரியாகப் படாது. சில வாரம் கழித்து உடம்பெங்கும் தடிப்பு, உள்ளங்கைப் புள்ளி, முடி உதிர்வு, காய்ச்சல், நெறிக்கட்டு என்று வெளியே வரும். அதுவும் தானாகவே மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. ரத்தப் பரிசோதனை மட்டும் சொல்லும்.

அந்தத் தம்பிக்கு, சிபிலிஸைத் தேடும் முதல் ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல். 1:64. அதை உறுதி செய்யும் டி.பி.ஹெச்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். வி.டி.ஆர்.எல்.-இல், ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைப் பாதி, அதில் பாதி என்று நீர்க்க வைத்துக்கொண்டே போவார்கள். 64 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் வினை தெரிந்தால் 1:64. எண் பெரிதாக இருந்தால் நோய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 1:2, 1:4 என்று சின்ன எண் வந்தால் உடனே பதற வேண்டாம். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்றவற்றாலும் அப்படி வரும். டி.பி.ஹெச்.ஏ. எடுத்து உறுதி செய்த பிறகே முடிவு. புண் வந்த முதல் சில நாட்களில் இரண்டுமே நெகட்டிவாக இருக்கலாம், அப்போது சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

இன்னொருவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனசு வரவில்லை. (இருவருடைய அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஐந்து மாதக் கர்ப்பிணி. மகப்பேறு மருத்துவர், வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். மாமியார் கூட வந்திருந்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. குலதெய்வம் கோயிலுக்குப் போய், ஜாதகம் பார்த்து, பரிகாரமும் செய்திருக்கிறார்கள். கையில் மஞ்சள் பை. அதில் முதல் கர்ப்பத்தின் பழைய ரிப்போர்ட்டுகளும் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்தப் பிரிவு. நான்காவது தாளின் கடைசி வரியில், வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், 1:32.

யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாராவது பார்த்தார்களா என்பதும் தெரியவில்லை. எந்த மருத்துவமனை என்பதை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாளைப் பிடித்திருந்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் இந்தக் கிருமி தொந்தரவு செய்கிறது: கருச்சிதைவு, வயிற்றிலேயே இறப்பு, குறைமாதம், பிறந்த குழந்தைக்கே நோய். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7 லட்சம் பிறவி சிபிலிஸ் பாதிப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இவ்வளவையும் தடுப்பது ஒரு ஊசி.

"யார்கிட்ட இருந்து வந்துச்சு டாக்டர்?" என்று அந்தப் பெண் கேட்டார். அவருக்கு ஒரு நாளும் எந்தப் புண்ணும் வந்ததாகத் தெரியாது.

"அதை ரத்தம் சொல்லாதும்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஊசி போடணும், குழந்தைக்கு அதுதான் முக்கியம்" என்றேன். இப்படிச் சொல்வது மழுப்பல் இல்லை. வி.டி.ஆர்.எல். எண்ணை வைத்துக்கொண்டு யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லவே முடியாது. கணவர் மறுநாள் தனியாக வந்தார். கல்யாணத்துக்கு நாலைந்து மாதம் முன்னால் ஒரு புண் வந்து, ஆயின்மென்ட் போட்டுச் 'சரியாயிருச்சு' என்றார். மனைவியிடம் அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சொன்னார் என்று நினைக்கிறேன், அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்று தெரியாத நிலை என்பதால் இருவருக்கும் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. கர்ப்பிணிக்கு நாள் தவறக் கூடாது, பிரசவத்துக்குக் குறைந்தது நாலு வாரம் முன்னாலாவது சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். இவருக்கு நேரம் நிறைய இருந்தது. பெண் குழந்தை, 2.9 கிலோ. குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், பிரச்சினை இல்லை.

ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பயந்து ஓடுபவர்கள் அதிகம். பென்சாதின் பெனிசிலின், 24 லட்சம் யூனிட். வெள்ளைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பால் மாதிரி வரும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் தடித்த ஊசிதான். 12 லட்சம் ஒரு பக்க இடுப்பில், 12 லட்சம் மறுபக்கத்தில், மெதுவாக ஏற்ற வேண்டும். வலிக்கும். இரண்டு நாள் நடை ஒரு மாதிரி இருக்கும். வாத இதயநோய் உள்ள பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வதும் இதே மருந்துதான். சிபிலிஸ் கிருமி ஒன்று இரண்டாகப் பெருக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு மெதுவான கிருமியைக் கொல்ல, மருந்து ரத்தத்தில் இடைவெளி இல்லாமல் பல நாள் நிற்க வேண்டும். இந்த ஊசி தசையில் தங்கி வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மூன்று நாள் மாத்திரையால் அது முடியாது. 1943-இல் முதன்முதலாகப் பெனிசிலினால் இந்த நோயைக் குணப்படுத்தினார்கள். எண்பது வருடம் தாண்டியும் இந்தக் கிருமி பெனிசிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. இப்படி ஒரு அதிர்ஷ்டம் வேறு எத்தனை நோயில் நமக்குக் கிடைத்திருக்கிறது!

போட்ட அன்று இரவு காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது, ஒரு நாளில் போய்விடும். 'ஊசி ஒத்துக்கலை' என்று நினைத்து அடுத்த ஊசிக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குவது இவை வேறு, அவைதான் அலர்ஜி. அதற்காகத்தான் முதலில் டெஸ்ட் டோஸ் போட்டு உட்கார வைப்பதும், முழு ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் இருக்கச் சொல்வதும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அந்த மாற்று கிடையாது, அவர்களுக்குப் பெனிசிலின்தான். அலர்ஜி இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, மிகச் சிறிய அளவிலிருந்து பழக்கி, பிறகு கொடுப்போம்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது மாட்டிக்கொண்டு வருகிற தம்பிகளுக்கு ஒன்று: டி.பி.ஹெச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், முழுக்கக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். அதற்காக மறுபடி மறுபடி ஊசி போட வேண்டியதில்லை. குணமானதைக் காட்டுவது வி.டி.ஆர்.எல். எண் இறங்குவதுதான். சிகிச்சைச் சீட்டுகளையும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லை என்று யாரும் விட்டுவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை நிறப் பெட்டி ஒன்று கொடுப்பார்கள், இந்த ஊசி, சிரிஞ்ச் உட்பட உள்ளேயே இருக்கும், இலவசம். கூடவே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், சிபிலிஸ் புண் இருக்கும்போது எச்.ஐ.வி. தொற்றுவது எளிது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் போடலாம், கட்டணம் இல்லை. ஆணுறை பெருமளவு காப்பாற்றும், ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றலாம். கழிப்பறை இருக்கையாலோ துவைக்கக் கொடுத்த துணியாலோ பரவாது. ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுபடி வராது என்பதும் இல்லை.

இலங்கை, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அங்கே நடக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை எடுத்தார்கள், வந்த தாளைப் படித்தார்கள், ஊசி போட்டார்கள். மஞ்சள் பையில் இருந்த அந்த நான்காவது தாளை நினைக்கும்போதெல்லாம் இதுவும் நினைவுக்கு வரும்.

முடி கொட்டுகிறது என்று வந்த தம்பிக்கு அன்றே ஊசி போட்டேன். அவருக்கு நோய் வந்து ஓராண்டுகூட ஆகாததால் ஒரே ஊசி போதும். ஆனி மாதம் மறுபரிசோதனை. 1:64 என்பது 1:8 ஆகியிருந்தது. நான்கில் ஒரு பங்காகக் குறைந்தாலே மருந்து கேட்டிருக்கிறது என்று அர்த்தம், இது அதைவிடவும் நல்ல இறக்கம். பின்மண்டையில் முடியும் அடர்ந்து வந்திருந்தது. எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார்.

"கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட சொல்லணுமா டாக்டர்?"

அவர் இப்போது யாருக்கும் நோயைக் கொடுக்கும் நிலையில் இல்லை, நான் யாரிடமும் சொல்லவும் மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால், சொல்லத்தான் வேண்டும் என்றேன். இன்னும் ஓராண்டுக்கு ரத்தம் எடுக்கப் போகிற வீட்டில், அந்த ரிப்போர்ட்டை ஒளித்து வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரோடு அந்தப் பெண்ணும் வந்தார். சின்ன டைரி ஒன்றில் கேள்விகளை எண் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் கேள்வி, "இவருக்கு அடுத்த டெஸ்ட் எந்த மாசம், டாக்டர்?"