துரு அல்ல, ஈருலோக அரிமானம்

வாட்டர் கூலிங் போட்ட கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது துருவைத்தான். செம்பழுப்பு நிறம் எங்கும் கண்ணில் படாவிட்டால் "துருப்பிடிக்கல" என்று மூடிவிடுவார்கள். துரு இரும்புக்கே உரிய சொல். பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை நீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கின் அடித்தகடு செம்பு. அந்தச் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருக்கும், அல்லது அலுமினியமாக இருக்கும். இவற்றில் துரு வராது, ஆனால் உலோகம் கரையும்.

செம்புக்கும் பித்தளைக்கும் நம்மிடம் வேறு சொல் உண்டு: களிம்பு. குத்துவிளக்கில் பச்சையாகப் பூத்திருக்கும், புளி போட்டுத் துலக்கினால் போய்விடும். உயிரோடு தொடக்கமில்லாக் காலந்தொட்டே கலந்திருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொன்ன உவமையும் இந்தச் செம்பில் களிம்புதான். அலுமினியத்துக்கு இப்படி ஒரு சொல் இல்லை. அந்த உலோகம் நம் வீட்டுக்கு வந்ததே அண்மையில்தானே.

எல்லா உலோகத்துக்கும் பொதுவாக நிற்கும் சொல் அரிமானம். 'அரி' என்ற வினை பழையது. ஏட்டைக் கரையான் அரிக்கும், கரையை அலை அரிக்கும். 'கரோஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும் கொறித்தல் என்றே பொருள். தேய்வது தேய்மானம் ஆனதுபோல அரிப்பது அரிமானம் ஆயிற்று. அரிப்பு என்றே சொன்னால் போதாதா? அது தோலில் சொறியும் அரிப்பையும் குறிக்கும், மண்ணரிப்பையும் குறிக்கும். ஓடும் நீர் உராய்ந்து தேய்ப்பது வேறு, வேதிவினையால் உலோகம் கரைவது வேறு. பின்னதை அரிமானம் என்று பிரித்துச் சொல்வதே சரி. பாடநூல்களும் 'உலோக அரிமானம்' என்றே எழுதுகின்றன.

இனி, கூலிங் லூப்பை, அதாவது பிளாக்குக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீர் சுற்றிவரும் பாதையை, கெடுக்கும் 'கால்வனிக்' வகை அரிமானம். இத்தாலியின் பொலோனியாவில் உடற்கூறு கற்பித்த லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் இரண்டு உலோகங்கள் பட்டதும் துடிப்பதைக் கண்டார். தவளைக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். இயற்பியலாளர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா அதை ஏற்கவில்லை. மின்சாரம் பிறப்பது இரண்டு வேறு உலோகங்கள் சேர்வதில் என்றார். 1800இல் இருவகை உலோகத் தகடுகளை, உப்புநீரில் நனைத்த அட்டைகளை இடையிட்டு அடுக்கி, தவளையே இல்லாமல் மின்சாரம் எடுத்துக் காட்டினார். வென்றவர் வோல்ட்டா. இந்த அரிமானத்துக்கு நிலைத்த பெயரோ கால்வானியுடையது.

செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே தண்ணீரில் கோத்தால் அந்த அடுக்கைத்தான் மறுபடி கட்டுகிறோம். எந்த உலோகம் எளிதில் கரையும் என்று காட்டும் அளவு திட்ட மின்முனை அழுத்தம்; அது குறைவாக உள்ளதே கரையும். செம்புக்கு அது +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு -1.66 வோல்ட். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தால் நடைமுறையில் இந்த இடைவெளி குறையும். ஆனாலும் கரைவது அலுமினியம்தான்.

"நடுவில் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லையே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் செம்பும் துளியளவு கரையும். அந்தச் செம்பு அயனிகள் நீரோடு சுற்றிவந்து அலுமினியத்தின் மேல் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் அங்கேயே ஒரு குட்டி பேட்டரி. அதனால்தான் சீராகத் தேயாமல் குழிகுழியாக விழுகிறது. கரைந்த அலுமினியம் வெண்கசடாகத் திரண்டு, செம்புத் தகட்டின் மயிரிழை போன்ற இடுக்குகளை அடைக்கும். நோய் ரேடியேட்டரில், காய்ச்சல் பிராசஸரில்.

திரவம் நிரப்பியே கடையில் விற்கும் மூடிய வாட்டர் கூலர்கள் பலவற்றில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தே இருக்கின்றன. அவை தாக்குப்பிடிப்பது உள்ளே ஊற்றியிருக்கும் திரவத்தின் அரிமானத் தடுப்பான்களால். பென்சோட்ரையசோல், எடுத்துக்காட்டாக, செம்பின் மேல் ஒரு படலமாகப் படிந்து அது கரைவதைத் தடுக்கிறது. பெட்ரோல் பங்கில் வாங்கிய வெறும் பேட்டரி வாட்டருக்கு அந்தக் காவல் கிடையாது.

தமிழில் இதற்கு 'கால்வனிக் அரிமானம்' என்று பாதி ஒலிபெயர்ப்பாக எழுதுவதுண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஜிஐ பைப்பில் வரும் 'கால்வனைஸ்டு' என்ற சொல்லும் அதே பெயரிலிருந்து வந்தது. அங்கே பூசிய துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். ஈருலோக அரிமானம் என்பதே என் தேர்வு. எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது: லூப்பில் எத்தனை உலோகம்?

எண்ணும்போது பளபளக்கும் நிக்கல் பூச்சில் ஏமாந்துவிட வேண்டாம். அதன் அடியில் இருப்பதும் பெரும்பாலும் செம்புதான். நிக்கலும் அலுமினியத்துக்குத் துணையல்ல, -0.25 வோல்ட்டில் அது செம்பின் பக்கமே நிற்கிறது.