பிசினஸ் கம்ப்யூட்டிங் டாப்-அப்: சேரும் முன் மார்க் பட்டியலை எடுத்து வையுங்கள்

"ஒரு வருஷம்தானே சார், முடிச்சிடலாம்." இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதிக நேரம் உட்கார வைத்துப் பேசுகிறேன். டிப்ளமோவைப் பட்டமாக்கும் கடைசி வருடப் படிப்புதான் டாப்-அப்; பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் அந்தப் படிப்புகளுக்கு வழிகாட்டுவது என் வேலை.

கணக்கு எளிது. இங்கிலாந்து முறையில் ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். எச்.என்.டி (ஹையர் நேஷனல் டிப்ளமோ) முடித்தவர் லெவல் 5 வரை, அதாவது பட்டப்படிப்பின் இரண்டாம் வருட நிலை வரை, 240 வாங்கியிருப்பார். மீதி 120 கிரெடிட், லெவல் 6 என்கிற கடைசி வருட நிலை. அதுதான் டாப்-அப். (அதற்கு ஒரு படி கீழே உள்ள எச்.என்.சி சான்றிதழ் என்றால் 120தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறைய.) ஆனால் ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆக 1200 மணி நேரம். வேலைக்கும் போய்க்கொண்டு ஒரே வருடத்தில் இதை முடிக்க, லீவே எடுக்காவிட்டாலும் வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. என்னிடம் வந்த ஒருவர் பிசினஸில் எச்.என்.டி முடித்தவர். மார்க்கெட்டிங், மனிதவளம், கணக்கு எல்லாவற்றிலும் நல்ல மார்க். கம்ப்யூட்டிங் பக்கம் ஒரு மாட்யூல்கூட இல்லை. பிசினஸ் கம்ப்யூட்டிங் டாப்-அப்பில் இடம் கிடைத்துவிட்டது, சேர்ந்துவிட்டார். மூன்றாவது வாரம் இரவு பதினொரு மணிக்கு போன்: "சார், ப்ரைமரி கீன்னா என்ன?" டேட்டாபேஸ் அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டுவது அது; அரிச்சுவடிப் பாடம். கையில் இருந்ததோ, ஒரு நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் வடிவமைத்து, ஏன் அப்படி வடிவமைத்தேன் என்று வாதாடச் சொல்லும் அசைன்மென்ட். அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் லெவல் 6 தொடங்கும். யாரும் பின்னால் போய்ச் சொல்லித்தர மாட்டார்கள்.

அதனால் இப்போதெல்லாம் பழைய மார்க் பட்டியலையும் புது மாட்யூல் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக பென்சிலால் கோடு போட்டு இணைக்கச் சொல்கிறேன். இணை கிடைக்காத மாட்யூல் எது என்று தெரிந்தால், சேருவதற்கு முன்பே அதைப் படிக்கத் தொடங்கலாம். அப்புறம், பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் கேளுங்கள். பாடம் நடத்தும் இடமும் பட்டம் தரும் இடமும் வேறாக இருக்கலாம்.

டாப்-அப்பில் பெரும்பாலும் அந்த ஒரு வருட மார்க்கை வைத்துத்தான் பட்டம் ஃபர்ஸ்ட் கிளாஸா, செகண்ட் கிளாஸா என்பது தீர்மானமாகும். போன் செய்தவர் டேட்டாபேஸ் மாட்யூலை இரண்டாம் முறை எழுதித் தேறினார். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் மறுமுறை எழுதுபவர்களுக்கு அங்கே தேர்ச்சி மார்க்கான 40-க்கு மேல் போடுவதில்லை.