ஜிடிஎஃப்எஸ்: சொல்லும் பொருளும் தமிழும்

ஜிடிஎஃப்எஸ் என்பது பேருந்து, ரயில், படகு ஆகியவற்றின் வழித்தடங்களையும் நிறுத்தங்களையும் கால அட்டவணையையும் எந்தக் கணினியும் படிக்கும்படி எழுதி வைக்கும் பொது வடிவம். விரித்தால் 'ஜெனரல் ட்ரான்சிட் ஃபீட் ஸ்பெசிஃபிகேஷன்'. வரைபடச் செயலியில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுத்தவுடன் எந்தப் பேருந்தில் ஏறி எங்கே மாறுவது என்று பதில் வருகிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

முதல் எழுத்தான 'ஜி' தொடக்கத்தில் கூகுளைக் குறித்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பான ட்ரைமெட்டில் பணியாற்றிய பிபியானா மெக்ஹியூவும் கூகுள் பொறியாளர் கிறிஸ் ஹாரல்சனும் சேர்ந்து, 2005 டிசம்பரில் அந்த நகரத்துக்கான பயணத் திட்டச் சேவையைக் கொண்டுவந்தார்கள். அதற்காக உருவான தரவு வடிவம் மறு ஆண்டே எல்லோருக்குமாக வெளியானது. கூகுளுக்குச் சம்பந்தமில்லாத மென்பொருள்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியபின் பெயர் இடித்தது. 2009-இல் முன்மொழிவு எழுந்து, 'கூகுள்' போய் 'ஜெனரல்' வந்தது. சுருக்கெழுத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இனி தமிழ். 'ட்ரான்சிட்' லத்தீனில் 'கடந்து செல்' என்ற வினையிலிருந்து வந்தது. நம் 'போக்குவரத்து' போவதையும் வருவதையும் சேர்த்தே சொல்லிவிடுவதால் அங்கே சிக்கல் இல்லை. 'ஸ்பெசிஃபிகேஷன்' என்பதற்கு 'வரையறை' போதும். தடுமாற்றமெல்லாம் 'ஃபீட்' என்ற சொல்லில்தான். 'ஊட்டம்' என்றால் சத்துணவு நினைவுக்கு வருகிறது. 'செய்தியோடை' என்ற வழக்கையொட்டித் 'தரவோடை' என்கிறார்கள் சிலர். அழகான சொல்தான், ஆனால் இங்கே ஓடுவது எதுவுமில்லை. ஜிடிஎஃப்எஸ் கோப்பு என்பது சில உரை அட்டவணைகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதி. அட்டவணை மாறும்போது பொதியும் மாறும், அவ்வளவே. எனவே வடிவத்தைப் 'பொதுப் போக்குவரத்துத் தரவு வரையறை' என்றும், கோப்பைப் 'போக்குவரத்துத் தரவுப் பொதி' என்றும் சொல்வதே பொருந்தும். 'தரவோடை'யை 2011-இல் வந்த ஜிடிஎஃப்எஸ் ரியல்டைமுக்கு வைத்துக்கொள்ளலாம். பேருந்து இப்போது எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடத் தாமதம், எந்தப் பேருந்து ரத்து என்று உடனுக்குடன் சொல்வது அது. அதுதான் உண்மையிலேயே ஓடுகிறது.

பொதிக்குள் இருக்கும் கோப்புகளில் முக்கியமானவை ஆறு: நிறுவனம், நிறுத்தங்கள், தடங்கள், நடைகள், நிறுத்த நேரங்கள், நாட்காட்டி. இவற்றில் தடத்தையும் நடையையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். 'ரூட்' என்பது தடம், பலகையில் எழுதியிருக்கும் எண். 'ட்ரிப்' என்பது நடை, அந்தத் தடத்தில் ஒரு பேருந்து ஒருமுறை ஒரு திசையில் போவது. 'பயணம்' என்று மொழிபெயர்த்தால் பயணியின் பயணமா பேருந்தின் பயணமா என்ற கேள்வி வந்துவிடும். வண்டி ஓட்டுபவர்களிடம் ஏற்கெனவே 'நாலு நடை' என்ற பேச்சு இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடத்தில் நாளொன்றுக்கு இரு திசையிலும் சேர்த்து 40 நடை என்றால், தடங்கள் கோப்பில் 1 வரி, நடைகள் கோப்பில் 40 வரி. ஒவ்வொரு நடைக்கும் 25 நிறுத்தம் என்றால் நிறுத்த நேரங்கள் கோப்பில் 1,000 வரி.

அந்த ஆயிரத்தில் ஒரு வரியைப் பார்ப்போம்: நடை 21-07, வருகை 24:35:00, புறப்பாடு 24:35:00, நிறுத்தம் 0047, வரிசை 14. நேரத்தில் எழுத்துப்பிழை இல்லை. சனி இரவு 23:50-க்குக் கிளம்பிய நடை நள்ளிரவைத் தாண்டி ஞாயிறு அதிகாலை 12:35-க்கு அந்த நிறுத்தத்தை அடைகிறது. ஆனால் நடை சனிக்கிழமைக் கணக்கில்தான் இருக்கிறது. 00:35:00 என்று எழுதினால் பேருந்து காலத்தில் பின்னோக்கிப் போனதாகச் சரிபார்ப்பு மென்பொருள் பிழை காட்டும். இதற்காகவே இந்த வடிவத்தில் மணி 24-ஐத் தாண்டலாம்.

அதே வரியிலுள்ள 0047-உம் ஆபத்தானது. விரிதாள் மென்பொருளில் கோப்பைத் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள சுழிகளை விழுங்கி 47 ஆக்கிவிடும். நிறுத்தங்கள் கோப்பில் 0047 அப்படியே இருந்தால் இரண்டும் ஒட்டாது. அடையாள எண் நெடுவரிசையை உரை என்று குறித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 குறியாக்கம் கட்டாயம், இல்லையேல் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

நிறுத்தங்களுக்கு அகலாங்கு, நெட்டாங்கு இரண்டும் வேண்டும். ஐந்து தசம இடம் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம், மூன்றே கொடுத்தால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். அகலாங்கு 13, நெட்டாங்கு 80 உள்ள இடத்தை மாற்றிப் போட்டால் நிறுத்தம் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே பெயரில் இரண்டு நிறுத்தம் இருந்தால் இரண்டு எண் தர வேண்டும். ஒன்றாக்கினால் பயணி தவறான பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பார்.

நாட்காட்டிக் கோப்பில் முடிவுத் தேதி கடந்துவிட்டால் எல்லா நடைகளும் செயலியிலிருந்து ஒரே நாளில் மறைந்துவிடும். எந்த நேரத்திலும் குறைந்தது அடுத்த 7 நாட்களுக்காவது பொதி செல்லுபடியாக வேண்டும். பண்டிகை நாள் மாற்றங்களுக்குத் தனிக் கோப்பு உண்டு. அதில் 1 என்றால் அன்று சேவை சேர்க்கப்பட்டது, 2 என்றால் நீக்கப்பட்டது. பொதி கட்டும்போது கோப்புகளை ஒரு கோப்புறைக்குள் வைத்துச் சுருக்குவது இன்னொரு வழக்கமான தவறு. ஜிப்பைத் திறந்ததும் கோப்புகள் நேரே தெரிய வேண்டும்.

இவ்வளவையும் செய்து பிடிஎஃப் அட்டவணையாக மட்டும் இணையத்தில் ஏற்றினால் அது 'வெளியீடு'. 'திறந்த தரவு' ஆகாது. திறந்த தரவு என்பதற்கு யாரும் எடுத்து, மாற்றி, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் சொல்லும் உரிமம் வேண்டும். பொதி எப்போதும் ஒரே முகவரியில், கடவுச்சொல் கேட்காமல் கிடைக்க வேண்டும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் முகவரியில் தேதியைச் சேர்ப்பவர்கள், தானாகத் தரவிறக்கும் எல்லா மென்பொருளையும் அன்றே முடக்குகிறார்கள். நிறுத்த எண்களைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவதும் அதே போன்ற கேடு.

தமிழில் நிறுத்தப் பெயர் தர விரும்பினால் மூலக் கோப்பில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு எழுதக் கூடாது. செயலி இரண்டையும் சேர்த்துக் காட்டும், குரல் வாசிப்பில் குழறும். மொழிபெயர்ப்புகளுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. எந்த அட்டவணை, எந்தப் புலம், மொழிக் குறியீடு, தமிழ்ப் பெயர், நிறுத்த எண் என்று வரிக்கு ஒன்றாக எழுதினால், கைப்பேசி தமிழில் இருப்பவருக்குத் தமிழில் காட்டச் செயலியால் முடியும். இந்தக் கோப்பைச் சேர்த்தால், பொதியை வெளியிடுபவர் யார், அதன் மூலமொழி எது என்று சொல்லும் பொதி விவரக் கோப்பும் கட்டாயமாகிவிடும்.