அம்மா வைத்த குழம்பைக்கூட நம்ப முடியாதபோது

உணவு ஆலோசகரான என்னிடம் அம்மாக்கள் வழக்கமாகச் சொல்லும் புகார், "காய்கறியே தொடமாட்டேன் என்கிறாள்" என்பது. சென்ற ஆண்டு வந்த ஒரு தாய் சொன்னது வேறு. "காய்கறியைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாள், மேடம். அக்கா வளைகாப்புக்கு வந்தவள், டப்பாவில் கொண்டுவந்த வேகவைத்த சுரைக்காயை மாடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்."

மகளுக்கு வயது 26. உயரம் 158 செ.மீ., எடை 41 கிலோ. முடி கொட்டுகிறது, மே மாத வெயிலிலும் கை சில்லிட்டிருக்கிறது, ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. முதலில் அவர் விட்டது வெள்ளைச் சர்க்கரையை மட்டும்தான். வீட்டிலும் அலுவலகத்திலும் பாராட்டினார்கள். அடுத்து மைதா, அரிசி, பால், தயிர், எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் அம்மா வைத்த குழம்பும் போனது. அதில் என்ன எண்ணெய் ஊற்றினார் என்று தனக்குத் தெரியாதே என்றார்.

1997இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர், தூய்மையானதை மட்டுமே உண்ண வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்துக்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ஆர்த்தோஸ் என்றால் சரியானது, ஓரெக்சிஸ் என்றால் பசி. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 பட்டியலில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் நின்றுபோன மாதவிடாயும் குறைந்துபோன பி12 சத்தும் எந்தப் பட்டியலுக்கும் காத்திருப்பதில்லை. அனோரெக்சியா என்ற உண்ணல் கோளாறில் எடை கூடிவிடுமோ என்ற அச்சம் முன்னே நிற்கும். இதில் உணவின் தூய்மை பற்றிய அச்சம். இரண்டும் பின்னிக் கிடப்பதும் உண்டு.

சர்க்கரை நோயாளி இனிப்பை ஒதுக்குவதும், ஒருவர் விரதம் இருப்பதும், புலால் மறுப்பதும் இந்தக் கணக்கில் வராது. அதனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு நான் நிறுத்துவதில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் யோசிக்கிறீர்கள்? விதி தவறினால் அடுத்த வேளை பட்டினி கிடந்து ஈடுகட்டுகிறீர்களா? கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அந்தப் பெண் அழுதார்.

உணவுப் பட்டியல் எழுதிக்கொடுக்கும் எங்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. "இதைத் தொடவே கூடாது" என்று நாங்கள் போகிறபோக்கில் சொல்வதை, ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் மனம் சட்டமாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லை நான் இப்போது மிகவும் யோசித்தே பயன்படுத்துகிறேன்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திட்டியோ கெஞ்சியோ ஊட்டாதீர்கள். மிகவும் மெலிந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுப்பது ஆபத்தாகவும் முடியலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். இந்தப் பெண்ணுக்கு உளவியல் நிபுணரும் நானும் சேர்ந்தே சிகிச்சை தொடங்கினோம். முதல் வாரம் ரசத்தோடு இரண்டு கரண்டி சோறு, அவ்வளவுதான். தயிருக்கு வர இரண்டு மாதம் ஆனது. எட்டாம் மாதம் மாதவிடாய் திரும்பியது. எண்ணெய் விஷயத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.